பிஎச்டி சேரப் போறீங்களா? தலைப்பு அப்புறம்... முதல்ல கைடு, காசு, காலம் மூணையும் பாருங்க!

நெட் ரிசல்ட் வந்த அன்று மாலையே பேராசிரியர்களின் போன் அடிக்கத் தொடங்கிவிடும். "சார், உங்ககிட்ட வேகன்சி இருக்கா?" தமிழ்நாட்டில் பலருடைய பிஎச்டி இந்த ஒற்றைக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. இடம் இருந்தால் சேர்ந்துவிடுகிறோம். அந்தக் கைடிடம் இதுவரை எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் நடுவில் விட்டுப் போனார்கள், மாதம் கைக்கு எவ்வளவு வரும், யார் தருவார்கள் என்பதெல்லாம் இரண்டு வருடம் கழித்துத்தான் நினைவுக்கு வருகிறது. அப்போது விட்டுவிட்டு வெளியே வரவும் மனசு வராது, உள்ளே இருக்கவும் முடியாது.

இது சின்னக் கூட்டத்தின் பிரச்சினை அல்ல. மத்திய கல்வி அமைச்சகத்தின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2014-15-ல் நாடு முழுக்க 1.17 லட்சம் பேர் பிஎச்டி படித்துக்கொண்டிருந்தார்கள். 2021-22-ல் அது 2.12 லட்சம். தமிழ்நாடு இதில் முன்னணி மாநிலங்களில் ஒன்று.

இவர்கள் எல்லோருக்குமான விதிகளை யுஜிசி 2022 நவம்பரில் மாற்றியது. அந்தப் புதிய ஒழுங்குமுறையைப் பொறுமையாகப் படித்தால், பல இடங்களில் அது மாணவர் பக்கம் நிற்பது தெரியும். சிக்கல் என்னவென்றால், அந்த விதிகள் கைடுக்குத் தெரியும், ஆபீஸுக்குத் தெரியும். மாணவருக்குத்தான் தெரியாது.

பிஎச்டி எதுக்கு?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. "காலேஜ் வேலைக்கு பிஎச்டி கட்டாயம்" என்று இன்னும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு அதைக் கட்டாயமாக்க 2018-ல் விதி வந்தது உண்மை. 2021 ஜூலையில் அமலாகியிருக்க வேண்டும், 2023-க்குத் தள்ளிப்போனது, கடைசியில் 2023 ஜூலை 1 முதல் நெட், செட், ஸ்லெட் ஏதாவது ஒன்று இருந்தால் குறைந்தபட்சத் தகுதி என்று யுஜிசியே சொல்லிவிட்டது. இணைப் பேராசிரியர் ஆக பிஎச்டி வேண்டும். ஐஐடி போன்ற இடங்களில் பாடம் நடத்தவும், ஆராய்ச்சி நிறுவனங்களில் விஞ்ஞானியாகவும் அது வேண்டும். மற்றபடி உதவிப் பேராசிரியர் வேலைக்காக மட்டும் என்றால், முதலில் நெட் அல்லது செட் எழுதி முடித்துவிட்டு யோசிப்பது நல்லது.

வேலை நிலவரத்தையும் கண் திறந்து பாருங்கள். அரசு கலைக் கல்லூரிகளில் பிஎச்டி முடித்த பலர் மாதம் 25,000 ரூபாய் அளவிலான தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளராக ஆண்டுக்கணக்கில் இருக்கிறார்கள். ஜேஆர்எஃப் உதவித்தொகை அதைவிட அதிகம். படிக்கும்போது வாங்கிய காசு படித்து முடித்த பிறகு கிடைப்பதில்லை என்ற விநோதம் இங்கே உண்டு. இது தெரிந்தும் ஒரு கேள்விக்குப் பதில் தேடும் ஆசை உங்களை விடவில்லை என்றால், தாராளமாக மேலே படியுங்கள்.

யார் சேரலாம்?

முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். எஸ்சி, எஸ்டி, ஓபிசி (கிரீமி லேயர் அல்லாதோர்), மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு. நான்கு ஆண்டு இளங்கலை முடித்தவர்கள் 75 சதவீதம் இருந்தால் முதுகலை இல்லாமலே விண்ணப்பிக்கலாம். எம்ஃபில் இப்போது கிடையாது.

2024 ஜூன் நெட் தேர்விலிருந்து ஒரு முக்கிய மாற்றம். தேர்ச்சி பெறுபவர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகைக்கு ஜேஆர்எஃப் உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்டி சேர்க்கை மூன்றும் உண்டு. இரண்டாம் வகைக்கு உதவித்தொகை கிடையாது, மற்ற இரண்டும் உண்டு. மூன்றாம் வகைக்கு பிஎச்டி சேர்க்கை மட்டும். பின்னிரண்டு வகையினருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம் வெயிட்டேஜ். அந்த மதிப்பெண் பிஎச்டி சேர்க்கைக்கு ஒரு வருடம்தான் செல்லும். (முதன்முதலாக இந்த முறை வந்த அந்த 2024 ஜூன் தேர்வே, ஜூன் 18 அன்று நடந்து மறுநாள் ரத்தாகி, பிறகு மறுபடி நடத்தப்பட்டது தனிக்கதை.)

ஆனால் எல்லாப் பல்கலைக்கழகமும் நெட்டை மட்டும் வைத்து எடுப்பதில்லை. சொந்த நுழைவுத் தேர்வு பல இடங்களில் தொடர்கிறது. அந்தத் தேர்வில் பாதி கேள்விகள் ஆய்வு முறையியல், பாதி உங்கள் பாடம். அறிவியல் மாணவர்களுக்கு சிஎஸ்ஐஆர் நெட், பொறியியல் மாணவர்களுக்கு கேட் தேர்வு என்று பாதைகள் தனி. ஆகவே அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பை முழுசாகப் படியுங்கள். சீனியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுருக்கத்தை நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

கைடை எப்படிச் சோதிப்பது?

பெண் பார்க்க, மாப்பிள்ளை பார்க்கப் போனால் ஊரில் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். ஐந்து, ஆறு வருடம் நம் எதிர்காலத்தைக் கையில் வைத்திருக்கப் போகிற கைடைப் பற்றி யாரிடமும் விசாரிப்பதில்லை. என்னைக் கேட்டால், பிஎச்டி விண்ணப்பத்தில் தொண்ணூறு சதவீத உழைப்பு இங்கேதான் போக வேண்டும்.

விசாரணையை வீட்டிலிருந்தே தொடங்கலாம். 'சோத்கங்கா' என்ற இணையதளம் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஏற்கப்பட்ட ஆய்வேடுகளை இன்ஃப்ளிப்நெட் அமைப்பு அங்கே சேர்த்து வைக்கிறது. யாரும் இலவசமாகப் படிக்கலாம், தமிழ் ஆய்வேடுகளும் ஏராளம். நீங்கள் நினைத்திருக்கும் கைடின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். பலவற்றில் பதிவு செய்த தேதியும் முடித்த தேதியும் இருக்கும். கழித்துப் பாருங்கள். எல்லோரும் ஏழு, எட்டு வருடம் எடுத்திருந்தால், நீங்கள் மட்டும் நாலு வருடத்தில் முடிப்பீர்கள் என்று நினைக்கக் காரணம் இல்லை. அப்படியே இரண்டு ஆய்வேட்டைத் திறந்து முப்பது பக்கம் படியுங்கள். தரம் என்ன, கைடு உண்மையில் படித்துத் திருத்தியிருக்கிறாரா என்பது பிழைகளிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து பல்கலைக்கழக இணையதளம். எந்தக் கைடிடம் யார் யார் பதிவு செய்திருக்கிறார்கள் என்ற பட்டியலை ஆண்டுதோறும் புதுப்பித்து வெளியிட வேண்டும் என்பது விதி. ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் கைடாக இருக்கலாம். "வேகன்சி இருக்கா?" என்று கேட்பதன் அர்த்தம் இதுதான். ஒருவரிடம் எப்போதும் இடம் இருக்கிறது என்றால் அதுவும் ஒரு தகவல்தான். நல்லபடி முடித்து அனுப்புகிறாரா, இல்லை யாரும் நிலைப்பதில்லையா என்று பாருங்கள்.

மூன்றாவது, வயது. ஓய்வு பெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருக்கும் பேராசிரியர் புதிதாக ஆய்வு மாணவரை எடுக்கக் கூடாது. ஏற்கெனவே எடுத்தவர்களுக்கு ஓய்வுக்குப் பின் இணை நெறியாளராகத் தொடரலாம். அதற்கும் 70 வயதுதான் எல்லை. பெரிய பெயர் என்பதற்காக ஓய்வுக்கு மூன்றரை வருடம் இருப்பவரிடம் சேர்ந்தால், உங்கள் ஆய்வின் கடைசிப் பகுதியில் புது கைடு வருவார் என்பதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் காகிதத்தில் கிடைப்பது. கிடைக்காததை அவரிடம் இப்போது இருக்கும் மாணவர்களிடம்தான் கேட்க வேண்டும். துறைக்கு நேரில் போங்கள். கேன்டீனில் உட்காருங்கள். "சார் எப்படி?" என்று கேட்டால் "நல்லவரு" என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்காதீர்கள். "ஒரு இயல் எழுதிக் கொடுத்தா எத்தனை நாள்ல திருப்பித் தருவாரு?", "போன மாசம் எத்தனை தடவை உட்கார்ந்து பேசினீங்க?", "லீவு கேட்டா என்ன சொல்வாரு?", "உங்க பேப்பர்ல முதல் பேரு யாரோடது?" என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும். விட்டுப் போனவர் ஒருவரின் எண் கிடைத்தால் இன்னும் நல்லது. பெண்கள், துறையில் உள்ள பெண் ஆய்வு மாணவர்களிடம் தனியாகப் பேசுவதைத் தவறவே விடாதீர்கள்.

கைடுக்கு முதல் மெயில் அனுப்பும்போது ஒரே வாசகத்தை ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள். பெயரை மாற்ற மறந்து, ஒரு பேராசிரியருக்கு இன்னொருவர் பெயரில் மெயில் போவது அடிக்கடி நடக்கிறது. அவருடைய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, அதில் உங்களுக்கு எழுந்த கேள்வியை நாலு வரியில் எழுதுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாலும் இதே முறைதான்.

கைக்கு எவ்வளவு வரும்?

உதவித்தொகை விஷயத்தில் ஒரே ஆய்வகத்தில், அடுத்தடுத்த மேஜையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும். ஜேஆர்எஃப் பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து மதிப்பீட்டில் தேறினால் எஸ்ஆர்எஃப் ஆகி 42,000. வீட்டு வாடகைப் படி தனி. ஐந்து ஆண்டுக்குக் கூட்டினால் 24 லட்சம் ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை இல்லாத மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய்தான். பல ஆண்டுகளாக இந்தத் தொகை உயரவில்லை. மாநிலப் பல்கலைக்கழகத்திலோ, இணைப்புக் கல்லூரியிலோ சேர்ந்தால் பலருக்கு அதுவும் கிடையாது, கட்டணம்தான் உண்டு.

அதனால்தான் சொல்கிறேன்: ஜேஆர்எஃப் சில மதிப்பெண்ணில் தவறியிருந்தால், அவசரப்பட்டு உதவித்தொகை இல்லாமல் சேர்வதைவிட இன்னொரு முறை எழுதிப் பார்ப்பது பெரும்பாலும் லாபம். யுஜிசி நெட் வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது, தவறான பதிலுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஜேஆர்எஃப்க்கு பொதுவாக வயது வரம்பு 30. பெண்களுக்கும் ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு.

வேறு வழிகளும் இருக்கின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நிறுவனங்களில் பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 70,000-ல் தொடங்கி 80,000 வரை போகும், போட்டி கடுமை. பல்கலைக்கழகத்தில் முதல் ரேங்க் வாங்கிய அறிவியல் மாணவர்களுக்கு இன்ஸ்பயர். எஸ்சி, எஸ்டி, ஓபிசி மாணவர்களுக்குத் தனித்தனி தேசிய உதவித்தொகைகள். சமூக அறிவியல் மாணவர்களுக்கு ஐசிஎஸ்எஸ்ஆர் மாதம் 20,000 தருகிறது. வீட்டில் ஒரே பெண் குழந்தை என்றால் சாவித்ரிபாய் ஜோதிராவ் புலே உதவித்தொகையைத் தேடிப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர ஆய்வு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் தருகிறது. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை மட்டும் இனி இல்லை. 2022-23 முதல் நிறுத்துவதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்துவிட்டது.

உதவித்தொகை அறிவிப்பு ஒன்று, வங்கிக் கணக்குக்கு வருவது இன்னொன்று. மாதாமாதம் பல்கலைக்கழக அலுவலகத்தில் உங்கள் பெயரைக் கணினியில் உறுதி செய்தால்தான் பணம் இறங்கும். அந்த செக்ஷன் கிளார்க் லீவு போட்டால் உங்கள் பணமும் லீவு. மூன்று மாதம், ஐந்து மாதம் எதுவும் வராமல் பிறகு மொத்தமாக வருவது சர்வ சாதாரணம். ஹாஸ்டல் மெஸ் பில்லோ, வீட்டு வாடகையோ காத்திருக்காது. எனவே முதல் தொகை வந்ததுமே குறைந்தது நாலு மாதச் செலவை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். வீட்டுக்குக் காசு அனுப்பும் பொறுப்பு உங்களுக்கு இருந்தால், இந்த இடைவெளியைப் பற்றி அப்பா அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது பின்னால் வரும் மனக்கஷ்டத்தைக் குறைக்கும்.

நேர்காணலில் என்ன பார்க்கிறார்கள்?

பெரிய தலைப்போடு வருபவர்கள்தான் அதிகம். 'தமிழ் நாவல்களில் பெண்ணியம்', 'தமிழ்நாட்டில் நீர் மாசு' என்று ஒரு தலைப்பு. இதில் எதை, எந்த ஊரில், எந்த வருடத்தில், எதை வைத்து அளக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. 'கரிசல் வட்டாரச் சிறுகதைகளில் பெண்களின் கூலி உழைப்பு' என்று சொன்னால் பேச இடம் கிடைக்கும். 'நொய்யல் ஆற்றங்கரைக் கிணறுகளில் உப்புத்தன்மை மழைக்கு முன்னும் பின்னும்' என்றால் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது கேட்பவருக்கே புரியும். இதே தலைப்பில் சோத்கங்காவில் ஏற்கெனவே என்ன வந்திருக்கிறது, அதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று இரண்டு நிமிடம் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லலாம், தப்பில்லை.

சேர்ந்தாச்சு... கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது

கோர்ஸ் ஒர்க் உட்பட குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக இன்னொரு 2 ஆண்டு, ஆக மொத்தம் 10 ஆண்டு வரை போகலாம். மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக பெண்களுக்கு ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை விடுப்பு உண்டு. கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போக வேண்டி வந்தால், அதுவரை சேர்த்த ஆய்வுத் தரவுகளோடு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விதியில் இடம் இருக்கிறது. "கல்யாணம் ஆயிடுச்சுன்னா பிஎச்டிய விட்டுடணும்" என்று சொல்பவர்களிடம் இந்த விதியைக் காட்டுங்கள்.

ஐந்து வருட உதவித்தொகை, ஆறு வருட கால வரம்பு. இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு வருடம்தான் பலரை முறிக்கிறது. காசு நின்றுபோயிருக்கும், ஆய்வேடு முடிந்திருக்காது. அந்த நேரத்தில் ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, ஆய்வேடு அப்படியே கிடப்பில் போய்விடும். இதைத் தவிர்க்க ஒரே வழி, முதல் வருடத்திலிருந்தே எழுதத் தொடங்குவது. "டேட்டா எல்லாம் முடிச்சுட்டு எழுதலாம்" என்பது ஆய்வு மாணவர்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்ளும் பெரிய பொய். வாரத்துக்கு இரண்டு பக்கம், அது மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதியதை இரண்டு வெவ்வேறு இடத்தில் சேமியுங்கள். ஒரே ஒரு பென்டிரைவை நம்பாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழு முன்பு நீங்கள் உங்கள் வேலையை விளக்க வேண்டும். நம் ஊரில் இதை டிசி மீட்டிங் என்பார்கள். பலர் இதை ஒரு கையெழுத்துச் சடங்காக நினைத்து, பஜ்ஜி காபியோடு முடித்துவிடுகிறார்கள். உண்மையில் கைடைத் தவிர உங்கள் வேலையைப் பதிவு செய்யும் ஒரே சபை அதுதான். நீங்கள் சரியாக வேலை செய்கிறீர்கள் என்று நாலு முறை அந்தக் குழு எழுதியிருந்தால், ஐந்தாவது வருடம் வந்து "இவன் ஒண்ணும் செய்யல" என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு அறிக்கையின் நகலையும் வாங்கி வையுங்கள்.

கைடிடம் பேசி முடித்ததும் அன்றே ஒரு மெயில் போடுங்கள். "சார், இன்று பேசியபடி இரண்டாம் இயலில் இந்தத் தரவைச் சேர்க்கிறேன். 30-ம் தேதிக்குள் அனுப்புகிறேன்." அவ்வளவுதான். சண்டைக்காக அல்ல, இருவருக்கும் ஞாபகத்துக்காக. நல்ல கைடு இதை விரும்புவார். அப்படி இல்லாதவரிடம் மாட்டியிருந்தால், இந்த மெயில்கள்தான் பின்னால் உங்களுக்குத் துணை.

வங்கி வேலை, வீட்டுக்குக் காய்கறி, பிள்ளையின் ஸ்கூல் ப்ராஜெக்ட்...

ஆய்வு மாணவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டே சொல்லும் கதைகள் இவை. சிரிப்பதற்கான விஷயம் இல்லை. விதிப்படி ஆய்வு மாணவருக்குக் கற்பித்தல் பயிற்சி உண்டு, வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் வகுப்பு, ஆய்வகம், விடைத்தாள் தொடர்பான வேலை கொடுக்கலாம். காய்கறி அந்தப் பட்டியலில் இல்லை. வைவா நாளில் தேர்வாளருக்கு ஹோட்டல், துறை முழுக்கப் பிரியாணி, பரிசுப்பொருள் என்று மாணவர் தலையில் விழும் செலவும் எந்த விதியிலும் இல்லை.

"எதிர்த்துப் பேசினா பட்டமே கிடைக்காது" என்ற பயம் நியாயமானது. அதனால் படிப்படியாகப் போங்கள். சிறு விஷயங்களில் "சார், டிசி மீட்டிங்குக்கு இயல் முடிக்கணும்" என்று வேலையைக் காரணம் காட்டி மறுக்கத் தொடங்குங்கள். கைடை மாற்ற வேண்டும் என்றால் துறைத் தலைவரிடமும் ஆலோசனைக் குழுவிடமும் எழுத்தில் கொடுங்கள். பல இடங்களில் பழைய கைடின் என்ஓசி கேட்பார்கள் என்பதால், முதலில் உங்களை எடுத்துக்கொள்ளத் தயாராக ஒருவரைப் பார்த்துவிட்டுப் பேசுவது புத்திசாலித்தனம். அதற்கும் மேலே போக வேண்டும் என்றால், யுஜிசியின் 2023 விதிப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழுவும் ஒம்புட்ஸ்பர்சனும் இருக்க வேண்டும். யுஜிசியின் இ-சமாதான் இணையதளத்திலும் புகார் தரலாம். பாலியல் தொல்லை என்றால் அது குறைதீர்ப்புக் குழுவுக்கு அல்ல, உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் தருவது முக்கியம்.

மனசு விட்டுப்போனால்

2019-ல் நேச்சர் இதழ் உலகம் முழுவதும் 6,000-க்கும் மேற்பட்ட பிஎச்டி மாணவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் 36 சதவீதம் பேர், ஆய்வின் காரணமாக வந்த பதற்றம் அல்லது மனச்சோர்வுக்காக உதவி தேடியதாகச் சொன்னார்கள். இங்கே நிலைமை என்ன என்பதை 2023 நமக்குக் காட்டியது. அந்த ஆண்டு மார்ச் கடைசியில் சென்னை ஐஐடி ஆய்வு மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஓய்வுபெற்ற ஐபிஎஸ் அதிகாரி ஜி.திலகவதி தலைமையிலான குழு விசாரித்தது, அதன் பிறகு மாணவரின் கைடு சஸ்பெண்ட் செய்யப்பட்டார். உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் தற்கொலைகள் பற்றி ஆராய 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே முன்னாள் நீதிபதி எஸ்.ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது.

பிஎச்டியின் தனிமை வேறு மாதிரியானது. கூடப் படித்தவர்களுக்கு வேலை, கல்யாணம், வீடு எல்லாம் ஆகியிருக்கும். ஊருக்குப் போனால் "இன்னுமா படிக்கிறே?" என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பொங்கலுக்குக்கூட ஊருக்குப் போகாதவர்கள் இருக்கிறார்கள். ஆய்வு நகராத வாரங்களில் கைடின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளத் தோன்றும். ஒளிந்தால் ஒரு வாரம் ஒரு மாதமாகும். வேலை ஆகவில்லை என்றாலும் "ஆகல சார், இங்க மாட்டிக்கிட்டேன்" என்று போய் நிற்பது கஷ்டம்தான், ஆனால் அதுதான் வெளியே வரும் வழி. வேறு துறை ஆய்வு மாணவர்கள் இரண்டு பேரோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் துறை அரசியல் அவர்களுக்குத் தெரியாது என்பதே பெரிய நிம்மதி.

தூக்கம் போய், எதுவும் வேண்டாம் என்று தோன்றும் நிலைக்கு வந்துவிட்டால், ஆய்வை ஓரமாக வைத்துவிட்டு ஆளைப் பாருங்கள். டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104 இரண்டும் இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பிஎச்டியை விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான். இரண்டாம் ஆண்டில் கணக்குப் போட்டு, இது நமக்கு இல்லை என்று வேறு வேலைக்குப் போனவர்கள் யாரும் தோற்றுவிடவில்லை.

எங்கே ஏமாறாமல் இருக்க வேண்டும்?

"வீட்டிலிருந்தே ஆன்லைனில் பிஎச்டி, ரெண்டே வருஷம்" என்ற விளம்பரம் உங்கள் போனிலும் வந்திருக்கும். ஆன்லைன், தொலைதூரக் கல்வி வழியில் பிஎச்டி நடத்த இந்தியாவில் அனுமதியே இல்லை. வேலையில் இருப்பவர்கள் முதலாளியிடம் என்ஓசி வாங்கிப் பகுதி நேரமாகச் சேரலாம், ஆனால் நேர்முகமாகத்தான் செய்ய வேண்டும். எங்கிருந்தோ சுலபமாகப் பட்டம் வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் ஏஜென்டுகளிடமும் எச்சரிக்கை தேவை. பிஎச்டி விதிகளைப் பின்பற்றவில்லை என்று 2025 ஜனவரியில் ராஜஸ்தானின் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு பிஎச்டி மாணவர்களைச் சேர்க்க யுஜிசி தடை விதித்தது.

இன்னொன்று, காசு கொடுத்தால் ஒரே வாரத்தில் கட்டுரை போடும் ஜர்னல்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதி நீக்கிவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் இன்னும் கேட்கின்றன, சேரும்போதே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல இதழ்களுக்கு வழிகாட்டியாக இருந்த யுஜிசி கேர் பட்டியலும் 2025-ல் நிறுத்தப்பட்டுவிட்டதால், எது நல்ல ஜர்னல் என்று நூலகரிடமும் சீனியர்களிடமும்தான் விசாரிக்க வேண்டும்.

அடுத்தவர் எழுத்தை எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். மென்பொருள் காட்டும் ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 என்றால் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 என்றால் ஒரு வருடம் சமர்ப்பிக்க முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து.

சமர்ப்பித்த பிறகு

ஆய்வேட்டைக் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மதிப்பீடு, வைவா எல்லாம் முடிய வேண்டும் என்பது விதி. குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் படிப்பார்கள். இருவரும் ஏற்றால் வைவா. ஒருவர் ஏற்று ஒருவர் நிராகரித்தால் மூன்றாமவருக்குப் போகும். அவரும் நிராகரித்தால்தான் பட்டம் இல்லை என்று ஆகும். ஆறு மாதம் தாண்டியும் சத்தமே இல்லை என்றால், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு மேஜையில் கோப்பு தூங்கிக்கொண்டிருக்கும்.

வைவா முடிந்த சந்தோஷத்தில் ஒரு காகிதத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பட்டமளிப்பு விழாவுக்கு முன்பே, இந்தப் பட்டம் யுஜிசி ஒழுங்குமுறைப்படி வழங்கப்படுகிறது என்று குறிப்பிட்டு பல்கலைக்கழகம் தற்காலிகச் சான்றிதழ் தர வேண்டும். கல்லூரி வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான். வைவா முடிந்த வாரத்திலேயே விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.